சாத்திக் கிடந்த பின்னறை

சித்திரை 22, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தது நான், பக்கவாதத்தில் படுத்திருக்கிற எங்க வீட்டுக்காரர், மகன் செல்வராசு, மருமகள் கலா, அவள் தம்பி குமரேசன்.

கூடத்தில் புதுசாக ஏசி மாட்டினார்கள். குளிர் வெளியே போய்விடும் என்று குமரேசன் எல்லா அறை வெண்டிலேட்டரையும் தெர்மாகோல் வைத்து அடைத்தான். பின்னறையில் அவுக படுத்திருக்காக, காத்து வேணும் என்றேன். "கதவெல்லாம் தொறந்துதான இருக்கு, அத்தை. ஒரு மணி நேரத்துல வீடு பூரா ஒரே மாதிரி குளுந்துரும்" என்றான்.

நான் துணி துவைத்துவிட்டு வந்தேன். கூடத்தில் கலா போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பின்னறைக் கதவு சாத்திக் கிடந்தது. திறந்தால் செங்கல் சூளை மாதிரி அனல். அவுக உடம்பு கொதித்தது, நாக்கு வறண்டு கண் சொருகிக் கிடந்தாக. வாய் பேச முடியாதவுக யாரைக் கூப்பிடுவாக? விளக்குமாற்றுக் கட்டையால் தெர்மாகோலைக் குத்தித் தள்ளினேன். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

குமரேசன்தான் அரிமளத்துக்கு ஓடி டாக்டரைக் கூட்டி வந்தான். அவர் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, அந்திக்கு மேல்தான் அவுக என் விரலைப் பிடித்தாக.

குமரேசன் அழுதான். போகட்டும், தெரியாமல் செய்தான்.

பின்னறை அனல் கூடத்துக்கு வருது என்று கதவைச் சாத்தியது அவனில்லை. உள்ளே கிடப்பது யாரென்று தெரிந்தே சாத்தியவன், நான் பெற்ற செல்வராசு.