சத்தமில்லாத அம்பாசிடர்

அம்மிணி,

நம்ம அம்பாசிடருக்கு எஞ்சின் மாத்தியாச்சு. புதுசு வாங்க நான் எங்க போறது? விபத்துல நொறுங்கின புது மாடல் கார் ஒண்ணோட எஞ்சின் நாமக்கல்லுல சல்லிசாக் கெடைச்சுது. லாரிப் பட்டறையில எஞ்சினைத் தாங்கற மவுண்டிங்கை வெட்டி, வெல்டிங் வச்சு, நானே உக்கார வச்சேன்.

இப்ப சத்தமே இல்ல. பக்கத்து சீட்டுல முணுமுணுத்தாக்கூடக் கேக்கும். அந்த சீட்டுல டூல்ஸ் பொட்டிதான் வருது.

"இருவது வருசமா நான் சொன்ன ஒண்ணும் உங்க காதுல ஏறலைங்க"ன்னு சொல்லிட்டுத்தானே பஸ் ஏறினே. எஞ்சின் சத்தந்தான் காரணம்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர் அதுதான்.

போன ஞாயித்துக்கெழமை ராசிபுரம் வந்தேன். உங்கண்ணன் ஊட்டு முன்னால எஞ்சினை ஓடவிட்டு அரைமணி நேரம் உக்காந்திருந்தேன். தெருமொனையில நம்ம வண்டிச் சத்தம் கேட்டதுமே ஓடிவந்து கேட்டைத் தெறக்கறவ நீ. அன்னிக்கு வரலை. கோவம் தீரலைன்னு திரும்பிட்டேன்.

பாதி வழியிலதான் ஒறைச்சுது. சத்தம் கேட்டாத்தானே வருவே?

நம்மூட்டுக் கேட்டை இப்பத்தான் நானே எறங்கித் தெறக்கறேன். இருவது வருசத்துல ஒருநாளும் தெறந்ததில்ல.

வர்ற ஞாயித்துக்கெழமை மறுபடியும் வாரேன். ஆரன் அடிக்க மாட்டேன். எறங்கி வந்து கதவைத் தட்டறேன்.

உன் ஊட்டுக்காரன்