ஐந்து வருடம் என்று எழுதியவன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வயிறு மட்டும் எனக்கு ஓரடி முன்னால் நடந்து அலுவலகம் போய்ச் சேருகிறது. அத்தானின் முழங்கால் எப்படி? உன் எதிர்வீட்டு டீச்சரம்மாவும் தையல்காரரும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்களாமே, இதை நீ எனக்குச் சொல்லவே இல்லை!

இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஏதாவது ஜோக்கடித்து நழுவுவேன், நீயும் சிரித்துவிட்டு விட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆறு வருடம் முன்பு உங்கள் ஊர் அணுமின் நிலையத்துக்காக எங்கள் விளம்பர அலுவலகத்தில் நான் எழுதிய துண்டுப்பிரசுரம் ஞாபகம் இருக்கும். எரிந்து முடிந்த எரிபொருள் உங்கள் தெருவுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் ஐந்தே வருடம் இருக்கும், பிறகு அதை மறுபடி பயன்படுத்தும்படி பிரித்தெடுக்கிற மறுசெயலாக்க ஆலைக்குப் போய்விடும் என்று எழுதினேன். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு சீக்கிரம் கிளம்பமாட்டார்கள் என்று ஒரு கிண்டல் வேறு. நீ அதை வீடு வீடாகப் படித்துக்காட்டினாய். நிலையத்துக்கு ஊர் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்ற டீச்சரம்மாவிடம், என் தம்பி எழுதினது பொய்யா இருக்குமா என்று கேட்டாயாம். அவரும் சிரித்துக்கொண்டே போட்டாராம்.

அக்கா, அரசாங்கம் கொள்கையை மாற்றிவிட்டது. மறுசெயலாக்கம் கிடையாது, ஆலையும் வராது. தொட்டியில் இருப்பதைக் கான்கிரீட் பீப்பாய்களில் அடைத்து அங்கேயே வைக்கப்போகிறார்கள். எத்தனை வருடத்துக்கு என்று மேலதிகாரியைக் கேட்டேன். உமக்கெதுக்குய்யா அதெல்லாம், பழையபடி ஜாலியா ஒண்ணு எழுதும் என்றார். வெள்ளிக்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு அறிவிக்கிறார்கள்.

பழியை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு இங்கேயே கடிதத்தை முடித்திருக்கலாம். இரண்டு தடவை அப்படி முடித்துக் கிழித்தும் போட்டேன். அன்றைக்கு அந்தப் பிரசுரத்துக்காக இன்ஜினீயர் கொடுத்த குறிப்பில் இன்னொரு வாக்கியம் இருந்தது: ஆலை இன்னும் கட்டப்படவில்லை, அரசு முடிவெடுத்தால்தான் எரிபொருளைக் கொண்டுபோக முடியும் என்று. அதைக் கோடு போட்டு அடித்தது நான்தான். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. அது இருந்தால் என் கிண்டலுக்குச் சிரிப்பு வராது, அவ்வளவுதான் காரணம். இன்ஜினீயர் மாடியேறி வந்து, சார் அது இருக்கட்டுமே என்று இரண்டு முறை கெஞ்சினார். உப்புச்சப்பில்லாம இருக்குப்பா, யார் படிப்பா என்று விரட்டிவிட்டேன்.

புதுப் பிரசுரம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீரம் என்று நினைத்துவிடாதே. நீ ஒவ்வொரு வாசலிலும் நின்றது கண்ணில் வருகிறது, பேனா ஓடமாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். அந்த வாக்கியத்தை அடித்தது நான்தான், என் அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று மேடையில் சொல்லப்போகிறேன். டீச்சரம்மா திட்டுவார், தெருவே திட்டும். நீ எனக்காக எழுந்து நிற்காதே அக்கா. அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்திரு. முடிந்ததும் என்னைத் தேடாமல் அவர்களோடு பேசிக்கொண்டே வீட்டுக்குப் போ. அவர்கள் உன்னோடு நடந்தால் எனக்கு அது போதும்.

தலைநிமிராமல்,
உன் தம்பி