பின்னால் நின்று கூப்பிடாதீர்கள்

ரிஸ்மியாவின் வாப்பாவுக்கு,

"காதுக்கும் காலுக்கும் என்ன டொக்டர் சம்பந்தம்?" என்று கண்டியில் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா?

"காய்ச்சல்ல பிள்ளைக்கு உள்காது கெட்டுப்போச்சு முதலாளி. நிக்கிற நிதானம் அங்கதான் இருக்கு. இவ விழுந்து விழுந்துதான் பழகணும்" என்றார் அவர். அன்றிலிருந்து அவளை நடக்க விடுவதா, தூக்கி வைத்திருப்பதா என்று நமக்குள் சண்டைதான்.

என் உம்மாவுக்கு மூச்சு முட்டுகிறதாம், ஆள் வந்து சொன்னது. பல்லேபொலைக்குப் போகிறேன். பிள்ளை தூங்குகிறாள். நீங்கள் வரும்வரை பக்கத்து வீட்டு ஸுபைதா இருப்பாள். மூன்று வயதில் இன்றுதான் முதன்முதலாக விட்டுப் போகிறேன்.

சோறும் பருப்பும் அடுப்படியில் மூடியிருக்கிறது. கிணற்றடிக் கதவைத் திறக்க வேண்டாம். பொழுது சாயுமுன் லாம்பைக் கொளுத்துங்கள், இருட்டில் அவளால் நிற்கவே முடியாது. வழக்கம்போல, "வாப்பாட மக எங்க?" என்று பின்னால் நின்று கூப்பிடாதீர்கள். சட்டென்று தலையைத் திருப்பினால் விழுந்துவிடுவாள். முன்னால் போய் நின்று கூப்பிடுங்கள்.

நேற்று அவள் நெற்றியில் அடிபட்டதும், "கைய விட்டது நீதானே?" என்று பாய்ந்தீர்கள். நான்தான் விட்டேன். விழுவதற்கு முன் தனியாக நாலு எட்டு வைத்தாள். அதை நீங்கள் பார்க்கவில்லை.

மறந்துவிட்டேன், அலுமாரிச் சாவி ஸுபைதாவிடம்.

இன்னும் ஒன்று. ஆறு மாதமாக நேரில் சொல்ல வாய் வரவில்லை. சனம் பார்க்குமென்று பஸாரில் அவளைத் தோளைவிட்டு நீங்கள் இறக்குவதே இல்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் இந்த வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் தெருவில் நிற்கும்போது, பிள்ளையைக் கீழே இறக்கி விடுங்கள்.