ஊற்றிலிருந்து அள்ளிய வெள்ளை இழை

1934, மாசி 14, திங்கள்

கந்தக ஊற்றில் படியும் வெள்ளை இழை வெறும் கந்தகம்தான், புண்ணை ஆற்றும் என்று போன மாதம் பத்திரிகையில் எழுதினேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. இன்று கோத்தா திங்கி ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த இழையை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அத்தனையும் உயிருள்ள கிருமிகள், கந்தகத்தைத் தின்று பிழைப்பவை.

வராந்தாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முனியம்மா உட்கார்ந்திருந்தாள். புண் அழுகி அவள் புருஷனுக்குக் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"நீங்க எழுதுனத தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி, நாங்க குடியிருக்கிற லயத்துல படிச்சாருங்க ஐயா. மறுநாளே டின்னுல அள்ளியாந்து புண்ணுல அப்புனேன். இன்னும் முன்னயே அப்பியிருந்தா கால் தப்பிச்சிருக்கும். எம்மேலதான் தப்பு."

புண்ணைக் கெடுத்தது இழைதானா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. இழை கிருமி என்பதை அவளிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்.

திருத்தம் எழுதிவிட்டேன், நாலு வரி: அது வெறும் கந்தகம் அல்ல, கிருமி; புண்ணில் அப்ப வேண்டாம். அதையும் கிராணிதான் லயத்தில் படிப்பார். அவளும் உட்கார்ந்து கேட்பாள்.