சாமித் தட்டில் இருந்த பேய்க்கதைப் புத்தகம்

செவ்வாய்க்கிழமை. நமுனுகுல மலையில் மழை இன்னும் விடவில்லை.

சாயந்தரம் டிவி நாடகத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தைக் காட்டினார்கள். கறுப்பு அட்டையில் பொன்னிற ஆந்தை. "எல்லாம் அந்தக் காலத்துப் பேய்க்கதைங்க" என்றான் கதாநாயகன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

அதே புத்தகம் எங்கள் சாமித் தட்டில் படங்களோடு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் செய்த அப்பாவுக்கு, மாற்றலாகிப் போன துரை கொடுத்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. துரைமாருடைய வேதப் புத்தகம் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் பொட்டு வைப்பாள். பத்தாம் வகுப்பிலேயே நான் அதைப் படித்துவிட்டேன். சொல்ல மனம் வரவில்லை.

"ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தாள். தூக்கிப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையால் துடைத்துத் திரும்ப அங்கேயே வைத்தாள்.

"ஒங்கப்பா செத்தப்ப இதுக்கு முன்னாலதான் ஒக்காந்து அழுதேன். பேயோ என்னமோ, கேட்டுக்கிட்டு இருந்துச்சில்ல."