அண்ணை சேர்த்த வைத்தியக் காசு

என் அன்பான அண்ணை,

இன்று காலை லண்டனில், மிச்சம் என்ற ஊருக்குப் போகும் ட்ராமில் நீங்கள் இருந்தீர்கள். யன்னல் கண்ணாடியெல்லாம் பனிப்புகை. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, எனக்கு முன் இருக்கையில் அரைத்தூக்கத்தில். கூப்பிட்டால் வேறு யாரோவாகிவிடுவீர்கள் என்ற பயத்தில் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கும் இடமும் தாண்டிவிட்டது. செத்துப்போனவர்கள் ட்ராமுக்கு டிக்கெட் எடுப்பார்களா, அண்ணை? நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள்.

அமெரிக்காவில், உங்கள் நியூ ஜேர்சி வீட்டுப் புதினம் சொல்கிறேன். அண்ணி வேலை செய்யும் கந்தோரில் அடுத்த வருசத்துக்கான மருத்துவக் காப்புறுதியைத் தெரிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று கோ-பே. மாதாமாதம் கூடக் கட்டவேண்டும், ஆனால் டாக்டரிடம் போகிற நேரம் சின்னத் தொகையோடு அலுவல் முடியும். மற்றது நீங்கள் எடுத்தது. மாதக் கட்டணம் குறைவு, ஆனால் வைத்தியச் செலவு ஒரு பெரிய தொகையைத் தாண்டும்வரை எல்லாம் எங்கள் கையால். அதற்கென்று வரியில்லாத ஒரு சேமிப்புக் கணக்கு.

"கோ-பேக்காரர் கட்டிற காசு போனால் போனதுதான். இது எங்கட காசு, நோய் வருத்தம் வராட்டி எங்களிட்டயே நிக்கும்" என்று போனில் எவ்வளவு பெருமை, புளுகம் உங்களுக்கு. நீங்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் சீட்டுக் கட்டி வளர்ந்த எங்களிடம் ஒன்றைச் சேமிப்பு என்று சொல்லித் தந்தால், அதில் கை வைப்போமா? நெஞ்சு எரிந்தபோதும் நீங்கள் அதைத் தொடவில்லை. இஞ்சி குடித்தால் போகும் என்றீர்கள். அது மாரடைப்பு என்று தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஒரு கோடையில் இங்கே வந்து நின்றபோது, என் இருமலுக்கு டாக்டரிடம் கூட வந்தீர்களே. டாக்டர் எழுதிய மருந்துத் துண்டோடு நான் வெளிக்கிட, நீங்கள் பேர்ஸைத் திறந்தபடி வரவேற்பு மேசையில் நின்றீர்கள். "எங்க கட்டிறது?"

"இஞ்ச கட்டத் தேவையில்லை அண்ணை. சம்பளத்தில வெட்டுவாங்கள்."

"அப்ப, உனக்கு வருத்தமே வராமல் இருந்தால் திருப்பித் தருவாங்களோ?"

வீடு வரும்வரை அந்தக் கவலைதான் உங்களுக்கு. வெயிலுக்குள் எனக்கு முன்னால் நடந்துபோன உங்கள் முதுகு இப்போதும் தெரிகிறது.

போன மாதம் அண்ணி போனில் ஏதேதோ கதைத்துவிட்டு, கடைசியில் மெல்லச் சொன்னா. "மார்பில கட்டி ஒண்டு தட்டுப்படுது மச்சாள்."

"டாக்டரிட்டப் போனீங்களோ?"

"புது வருசத்தில கோ-பேக்கு மாறுவன். அதுவரைக்கும் பொறுப்பம். அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காசு, எடுக்க மனம் வரேல்லை."

"அண்ணி, அது வைத்தியத்துக்கெண்டு சேர்த்த காசு. அண்ணை அதைத் தொடாமலே போய்ச் சேர்ந்திட்டார். நீங்களும் அப்பிடித்தானோ?" என்று கத்திவிட்டேன். அண்ணி போனை வைத்துவிட்டா.

நேற்று அவவே போன் எடுத்தா. "டாக்டரிட்டப் போய் வந்திட்டன் மச்சாள். சோதிக்கிறதுக்கு ஊசியால சதை எடுத்தவை. அவரின்ர காசிலதான் கட்டினனான்." பிறகு, "அவர் பக்கத்தில நிண்டு பில்லை வாங்கிப் பார்த்த மாதிரி இருந்தது" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

சோதனை முடிவு அடுத்த கிழமை. கோ-பேக்கு மாறுவது சரிதானா அண்ணை? நீண்ட வைத்தியம் என்று வந்தால் எது தாங்கும்? இதையெல்லாம் உங்களிடம்தானே கேட்போம். யன்னலுக்கு வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. லண்டன் அப்படியே அசையாமல் நிற்கிறது.

லீவு எடுத்துவிட்டேன், பிளேன் டிக்கெட்டும் போட்டாயிற்று. முடிவு கேட்கப் போகும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் இருப்பேன். உங்கள் கணக்கு அடியோடு காலியானாலும் ஆகட்டும், கோபிக்காதீர்கள். அவவை இப்போதைக்கு உங்களிடம் அனுப்பமாட்டேன்.

உங்கள் சொல்லுக் கேட்காத,
தங்கச்சி