என் வீட்டுப் புகையா?

நவம்பர் 6

காலையில் நகர அலுவலக ஆள் ஒருவர் வந்து ஒரு காகிதத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனார். எங்கள் புகைக்குழாயிலிருந்து கெட்ட புகை வருவதாகப் புகாராம். பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் அடுப்புக்குச் சீல் வைத்துவிடுவார்களாம். சீல்! பதினோரு வருஷமாக அந்த இரும்பு அடுப்பின் தலையில்தான் என் பசைச் சட்டி உட்கார்ந்திருக்கிறது. அடுப்பு இல்லையென்றால் பசை இறுகிவிடும், ஒரு புத்தகத்துக்குக்கூட அட்டை போட முடியாது. இந்தக் குளிரில் பைண்டிங் அறையில் விரலே மடங்காது. பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகங்கள் மேசை நிறையக் காத்துக் கிடக்கின்றன.

புகார் கொடுத்தது யாரென்று கேட்கவே வேண்டாம். பின்சந்து சலவைக்கடை அக்காதான். போன வாரம் கரிப்புள்ளி விழுந்த படுக்கை விரிப்பு ஒன்றை என் வாசல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனவர். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

நவம்பர் 7

“கொஞ்சம் புகை வரத்தானே செய்யுது” என்கிறார் இவர். கட்டின புருஷனே கட்சி மாறினால் யாரிடம் போய்ச் சொல்வது?

என்னைவிடச் சிக்கனமாக இந்தத் தெருவில் யார் அடுப்பெரிக்கிறார்கள்? காலையில் இரண்டு பெரிய கட்டைகள். பற்றியதும் கீழே இருக்கும் காற்றுக் கதவை இறுக்கி மூடிவிட்டால் மதியம்வரை உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். பசை கொதிக்கவும் கொதிக்காது, இறுகவும் இறுகாது. கொதித்த பசை ஒட்டாது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வெட்டி மிஞ்சிய அட்டைத் துண்டுகளைக்கூட வீணாக்காமல் அதிலேயே போடுகிறேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

புகை ரொட்டிக்கடையிலிருந்துதான் வருகிறது. விடிவதற்கு முன்பே எரிய ஆரம்பிக்கிற அடுப்பு அது. ஆனால் அவர்மேல் யார் புகார் கொடுப்பார்கள்? நாளைக்கு ரொட்டி வேண்டுமே.

நவம்பர் 8

அடுப்புக் கதவின் கண்ணாடி மறுபடியும் கரியப்பிக் கிடக்கிறது. துடைக்க நேரமில்லை.

நவம்பர் 10

நேரில் போய்க் கேட்டேவிட்டேன். இவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். சலவை அக்கா முற்றத்தில் ஈர விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வழியெல்லாம் தயார் செய்துவைத்த அத்தனையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே அடுத்த விரிப்பை உதறினார். “விடுதிக்காரங்க மூணு தடவை துணியத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற கடை பாத்துப்பாங்க” என்றார்.

“அத ரொட்டிக்கடையில போய்ச் சொல்லுங்க” என்றேன்.

வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, “இங்க வந்து நில்லுங்க. மேல பாருங்க” என்றார்.

பார்த்தேன். ரொட்டிக்கடைக் குழாய்க்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. புகை இல்லை. அதற்கு இந்தப் பக்கம் என் வீடு. அங்கிருந்து — எப்படி எழுதுவேன் — அழுக்குச் சாம்பல் நிறத்தில், கனமாக, மேலே போகக்கூடத் தெம்பில்லாமல் கூரையில் வழிந்து நேராக அந்தக் கொடிக்கு வந்தது. பதினோரு வருஷமா அடுப்பு முன்னாடியே நிக்கறேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் வெளிய வந்து அண்ணாந்து பாத்தேனா?

மன்னிப்புக்கூடக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 11

கோபம் அப்படியே இருக்கிறது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 12

குழாய் சுத்தம் செய்பவர் வந்து ஒரு வாளி நிறையக் கறுப்புத் தாரைச் சுரண்டி எடுத்தார். இது பற்றியிருந்தால் கூரையே போயிருக்குமாம். காற்றுக் கதவை மூடினால் தீக்கு மூச்சு முட்டுமாம். எரிய வேண்டியதெல்லாம் எரியாமல் பாதி குழாயில் ஒட்டும், பாதி ஊரார் துணியில் ஒட்டும். பசை தடவிய அட்டையை எரிக்கிறேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் விறகைப் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி வைத்திருப்பதையும் பார்த்துவிட்டார். “விறகக் காய வைக்கணும். நீங்க ஊறப் போட்டிருக்கீங்க.”

எல்லாம் சரி, காற்றுக் கதவைத் திறந்தால் தீ கொழுந்துவிட்டு எரியும், என் பசை கொதிக்குமே என்றேன். பசை உங்கள் பாடு என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 14

விறகுக்கடையில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து, நன்றாகக் காய்ந்து கணீரென்று ஒலித்ததை மட்டும் எடுத்தேன். கடைக்காரர் முறைத்தார், முறைக்கட்டும். வீட்டில் இவர் அதை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து கொடுத்தார். பெரியது அடியில், சுள்ளி மேலே, நெருப்பும் மேலிருந்தே. காற்றுக் கதவு முழுசாகத் திறப்பு. தீ குபுகுபுவென்று பிடித்தது.

பசையும் கொதித்தது. ஒரு சட்டி பாழ். அடுப்பை, குழாய்க்காரரை, இவரை, ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தேன். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இவர் உள்ளே வந்து, “புகையே காணோம்” என்று சிரித்தார். பாவம், திட்டு வாங்கியதே தெரியாது.

நவம்பர் 16

அடுப்பின்மேல் இரண்டு செங்கல். செங்கல்மேல் தண்ணீர்ப் பாத்திரம். அதற்குள் பசைச் சட்டி. தீ நன்றாக எரிந்தாலும் பசை வெதுவெதுப்பாகவே நிற்கிறது. காலையில் ஒரு சின்னத் தீ, மதியம் ஒன்று. நடுவே இரும்பின் சூடே போதும். கண்ணாடியும் தெளிவாக இருக்கிறது. இரண்டு செங்கல்! இது தோன்ற எனக்குப் பதினோரு வருஷமா?

நவம்பர் 21

நகர அலுவலக ஆள் தெருவில் நின்று குழாயைப் பார்த்துவிட்டுக் கடுகடுவென்று உள்ளே வந்தார். “அடுப்ப அணைச்சு வச்சா நான் எதச் சோதிக்கிறது?” நான் அடுப்புக் கண்ணாடியைக் காட்டினேன். குனிந்து தீயைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிக் குளிர் காய்ந்தார். சீல் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாக எரிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனுஷன்.

நவம்பர் 22

வாசலில் மாட்டிய அந்த விரிப்பை மூன்று முறை துவைத்தேன். கரி போகவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

“தப்பு என் பேர்லதான் அக்கா.”

வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். விடுதிக்காரர்கள் இன்னும் துணி அனுப்புகிறார்களாம். அதை மட்டும்தான் சொன்னார்.

டிசம்பர் 9

ஜன்னல் வழியே பார்த்தால் அக்கா கொடியின்மேல் புகை. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். எங்கள் குழாய் சுத்தமாக இருந்தது. புகை மூலை வீட்டிலிருந்து வந்தது. புதிதாகக் குடிவந்த கடிகாரம் பழுது பார்ப்பவர் வீடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனால், அக்கா ஏற்கெனவே அவர் வாசலில் அந்தப் பழைய விரிப்போடு நிற்கிறார்.

“என் வீட்டுப் புகையா? ரொட்டிக்கடையில இருந்து வருதுங்க” என்றார் அவர்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

“இங்க வந்து நில்லுங்க. மேல பாருங்க” என்றேன்.